வராத நாளின் கணக்கு

தோட்டத்தில் உழைத்த நாளுக்கு ஒரு சான்று உண்டு. செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பேர், அதாவது ஒரு நாள் கூலி, விழுந்திருக்கும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர் விழும். நோயில் படுத்த நாளுக்கு எங்கள் பக்கத்து மலைகளில் நான் பார்த்த செக்ரோலில் வெறும் கட்டம்தான். தூரத்துச் சாவுக்குப் போனவருக்கும் அதே வெறும் கட்டம், இடுப்பு பிடித்துப் பாயை விட்டு எழும்ப முடியாமல் கிடந்தவருக்கும் அதே வெறும் கட்டம். மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கும்போது இருவரும் “வேலைக்கு வராத ஆள்” என்ற ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள்.

நான் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பட்டிப்பொலயில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். ஈ.பி.எஃப். என்ற சேமலாப நிதிப் பணம், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு முறையீடு, பிறப்பத்தாட்சி, வங்கிப் புத்தகம் என்று எதையாவது சொல்லிக்கொண்டு வருவார்கள். பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் கதை ஒரு நோயில் போய் நிற்கும். குளவி கொட்டிய பிறகு மலையேற முடியாமல் போனது, அடுப்புப் புகையில் வந்த இழுப்பு, ஈரக் கொழுந்து மூட்டையைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த முதுகு. பட்டிப்பொல 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர். இலங்கையின் மிக உயரமான ரயில் ஸ்டேஷன் என்று பலகையின் கீழ் நின்று படம் எடுக்க வருகிறார்கள். ஜனவரி மாதத்துப் பனியில் விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிறவர்களின் மூட்டு அந்த உயரத்தை வேறு விதமாக அறியும்.

எத்தனை பேர் இப்படி நோயால் வேலையை விட்டிருக்கிறார்கள் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

கொஞ்ச காலத்துக்கு முன் என் அண்ணி வீட்டுக்கு ஒரு கணக்கெடுப்புக்காக ஒரு தம்பி வந்திருந்தார். பொறுமையான பிள்ளை, நல்ல தமிழ். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“போன கிழமை ஏதும் வேலை செஞ்சீங்களா அம்மா?”

“இல்ல தம்பி.”

“ஒரு மணித்தியாலம் சரி?”

“கீழ மரக்கறித் தோட்டத்துக்கு லீக்ஸ் கட்டப் போறதுதான். இப்ப போறதில்ல, இடுப்பு ஒத்துக்கிறதில்ல.”

“வேற வேலை தேடுறீங்களா?”

“எங்க தேட?”

“அப்ப வீட்டுல என்ன செய்றீங்க?”

“சோறாக்குறேன். பேரப்பிள்ளையப் பாத்துக்கிறேன். சும்மாதான் இருக்கேன்.”

அவர் குறித்துக்கொண்டது: வீட்டு வேலை. அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அண்ணி சொன்னதைத்தான் எழுதினார். அண்ணியும் பொய் சொல்லவில்லை, சோறாக்குகிறவர்தான். ஆனால் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்து, இடுப்பு விட்டுப் போனதால் பேர் வெட்டிக்கொண்டு, கொஞ்ச காலம் மரக்கறித் தோட்டத்தில் நாள் கூலிக்குக் குனிந்து, அதுவும் முடியாமல் வீட்டோடு ஆன ஒரு பெண், நாட்டின் கணக்கில் விருப்பப்பட்டு வீட்டைப் பார்த்துக்கொள்கிறவராக இறங்கிவிட்டார்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் தொழிலாளர் படை மதிப்பீடு என்று ஒன்றை 1990 முதல் நடத்தி வருகிறது. நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறையாகப் பிரித்து வீடுகளைத் தெரிந்தெடுத்துக் கேட்பார்கள். கேள்விக்குரிய கிழமையில் ஒரு மணித்தியாலம் வேலை செய்திருந்தாலும் நீங்கள் தொழில் உள்ளவர். வேலை இருந்து, காய்ச்சலில் சில நாள் போகாமல் இருந்தாலும் தொழில் உள்ளவர்தான். வேலையும் இல்லை, தேடவும் இல்லை என்றால் “பொருளாதார ரீதியில் செயற்படாதவர்”. 2023இல் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தப் பகுதியில்தான் இருந்தார்கள். அதில் பெரும்பங்கு பெண்கள். ஏன் செயற்படவில்லை என்பதற்கும் அறிக்கையில் காரணம் வகுத்திருக்கிறார்கள்: படிப்பு, வீட்டு வேலை, ஓய்வு அல்லது முதுமை, உடல்நோய் அல்லது இயலாமை, மற்றவை.

அந்த “உடல்நோய் அல்லது இயலாமை” என்ற வரிசையில்தான் என் அண்ணி இருந்திருக்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு காரணம்தான் குறிக்க முடியும் என்றால், ஆணுக்கு நோய் என்று விழுவது பெண்ணுக்கு வீட்டு வேலை என்று விழும். முதுகு தேய்ந்த ஆண் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், அவரைப் பார்த்ததும் நோய் தெரியும். முதுகு தேய்ந்த பெண் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாவது சோறாக்குவார். லயத்துக்கு லயம் இதைப் பார்க்கிறேன். ஆகவே நோயால் விலகியோர் தொகை என்று தேசிய அறிக்கையில் எந்த எண் வந்தாலும், தோட்டத்துப் பெண்களைப் பொறுத்தவரை அது குறைவாகத்தான் இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதே விஷயத்தில் பிரித்தானியாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நீண்டகால நோயால் வேலைச் சந்தைக்கு வெளியே இருப்பவர்கள் அங்கே 2020இன் தொடக்கத்தில் 20 லட்சத்தைச் சற்றுத் தாண்டி இருந்தார்கள். 2024இல் அது 28 லட்சம் ஆனது. அந்த எண்ணிக்கை திரும்பத் திரும்ப வெளியிடப்படுவதால்தான் பாராளுமன்றத்திலும் பத்திரிகையிலும் சண்டை நடக்கிறது. 2025 மார்ச்சில் அந்த அரசாங்கம் நோயாளர், இயலாதோர் கொடுப்பனவுகளைக் குறைக்கும் திட்டத்தைக் கொண்டு வந்தது. சில நாளிலேயே அரசாங்கத்தின் சொந்தத் திணைக்களம் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது: இந்த மாற்றங்களால் 2,50,000 பேர் கூடுதலாக வறுமைக்குள் போவார்கள், அதில் 50,000 பேர் பிள்ளைகள். எதிர்ப்பாளர்கள் வேறு ஆதாரம் தேட வேண்டியிருக்கவில்லை. ஆளும் கட்சி உறுப்பினர்களே அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்த்தார்கள். ஜூலை 1ஆம் திகதி, வாக்கெடுப்பு நாளிலேயே, அரசாங்கம் திட்டத்தின் முக்கிய பகுதியை மீளப் பெற்றது.

அங்கேயும் கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கணக்கெடுப்புக்குப் பதில் சொல்கிறவர்கள் மிகவும் குறைந்து போனதால் 2023 ஒக்டோபரில் அவர்களுடைய தொழிலாளர் படைப் புள்ளிவிபரத்தின் வெளியீடே கொஞ்சக் காலம் நின்றது. ஆனால் எண் நம்பத்தகாமல் போனபோது அதுவும் ஒரு செய்தியாயிற்று. நம்மூரில் இந்த எண் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு கேள்வி எழுவதில்லை. எத்தனை தேர்தல் மேடை பார்த்தாயிற்று. சம்பளம் பற்றிப் பேசாத மேடை இல்லை, நோயில் வேலை இழந்தவரின் கதியைப் பேசிய மேடையை நான் கேட்டதில்லை.

சட்டம் என்ன தருகிறது? பிள்ளை பெற்ற தாய்க்கு 84 நாள் சம்பளத்தோடு விடுமுறை தருகிறது, அது பெரிய விஷயம். கடை, கந்தோர் ஊழியர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சட்டம் ஆண்டுக்கு 7 நாள் தருகிறது, சுகவீனத்துக்கும் எடுக்கலாம். வேலை செய்யும்போது விபத்து என்றால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மலையில் குளவி கொட்டியவர் அதைக் கேட்கலாம். ஆனால் வெறும் நோய்க்கு, அதாவது யாரும் ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியாதபடி வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உடம்பைத் தின்ற நோய்க்கு, சம்பளத்துக்குப் பதிலாக ஒரு தொகை தரும் காப்புறுதித் திட்டம் இலங்கைச் சட்டத்தில் இல்லை.

மிஞ்சுவது தொழிலாளி தானே சேர்த்து வைத்த பணம். ஈ.பி.எஃப்.பில் அவருடைய 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் இருக்கும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். நிரந்தரமாக முழுமையாக வேலைக்கு இயலாதவர் என்று வைத்தியர் சான்று தந்தால் அதற்கு முன்னரும் எடுக்கலாம். “முழுமையாக” என்ற அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கையைக் காலை ஆட்ட முடிகிறவரை முழுமையாக இயலாதவர் என்று எழுத எந்த வைத்தியருக்கும் கை வராது. சரிவான மலையில், முதுகில் கூடையோடு, ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுக்க முடியாதவர் என்று எழுத அந்தப் படிவத்தில் இடமும் இல்லை. ஆகவே அவர் நோய் என்று விலகாமல், விரும்பி விலகியவராக விலகுகிறார். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் சம்பளம் கிடைக்கும். ஏன் விலகினார் என்ற காரணம் அங்கேயும் காணாமல் போகிறது.

நீலகிரியில் இருக்கும் எங்கள் சொந்தங்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இங்கிருந்து பிரிந்து போனவர்களில் பலர், அவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு ஆரம்பித்த தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அதே கொழுந்து, அதே குளிர், அதே முதுகு. ஆனால் இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 32ஆம் பிரிவு, வைத்தியரின் சான்றோடு படுத்திருக்கும் தொழிலாளிக்கு நோய்க்கால உதவித்தொகை தர வேண்டும் என்றது. அந்தச் சட்டம் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டது. அங்குள்ளவர்கள் சொர்க்கத்தில் வாழவில்லை, அவர்கள் சங்கடம் அவர்களுக்கு. ஆனால் எழுபது வருடத்துக்கு முன்னரே ஒரு நாடு தேயிலைத் தொழிலாளியின் சுகவீன நாளைச் சட்டத்தில் எழுதி வைத்தது என்பதை நம் தலைவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டை விடுவோம். நம் நாட்டிலேயே, எண்ணப்பட்டதால் உதவி பெற்ற ஒரு நோய் இருக்கிறது. 1990களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்து வைத்தியர்கள், நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளுக்குச் சிறுநீரகம் பழுதாவதைக் கவனித்தார்கள். அநுராதபுரம், பொலன்னறுவை என்று பிரதேசம் பிரதேசமாக எண்ணினார்கள். உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து ஆய்வு நடந்தது. எந்தக் கிராமத்தில் எத்தனை பேர் என்று வரைபடமே வந்தது. காரணம் பற்றி அறிஞர்களுக்குள் விவாதம் முடியாவிட்டாலும், எண்ணிக்கை கண்முன்னே இருந்ததால் அரசாங்கத்தால் பாராமுகமாக இருக்க முடியவில்லை. இன்று வறிய சிறுநீரக நோயாளருக்கு மாதக் கொடுப்பனவு உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாயிற்று. இயலாதவர்களுக்கும் அதே தொகை. அந்த விவசாயிக் குடும்பங்களுக்கு அது கிடைத்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. தேயிலைத் தொழிலாளியின் முதுகையும் மூட்டையும் நெஞ்சையும் யாராவது அப்படிக் கிராமம் கிராமமாக எண்ணியிருக்கலாம். 2019ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டில் வறியோர் 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம். அந்த இடைவெளியில் நோயின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் எண் எங்கள் கைக்கு வந்தால், அஸ்வெசுமவில் யாருக்கு எந்தப் பிரிவு என்ற சண்டை பாதியாகக் குறையும்.

இப்போது ஒரு புதிய வாசல் திறந்திருக்கிறது. 2025 நவம்பர் 7ஆம் திகதி வாசித்த வரவு செலவுத் திட்டத்தில், நாள் சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாகும், அதற்கு மேல் 200 ரூபாவை வருகைக் கொடுப்பனவாக அரசாங்கமே தரும், 2026 ஜனவரியிலிருந்து மொத்தம் 1,750 ரூபா என்றார் ஜனாதிபதி. அதற்காக 500 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. வருகைக்குப் பணம் என்பது தோட்டத்துக்குப் புதிதில்லை. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் 500 ரூபா அடிப்படைச் சம்பளத்தோடு வருகைக்கென்று 60 ரூபா இருந்தது. 2019இல் அடிப்படை 700 ஆனபோது அது எடுபட்டது. முன்பு அது கம்பனியின் பணம். இம்முறை அரசாங்கத்தின் பணம், அதாவது பொதுப்பணம்.

சம்பளம் கூடியதில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் ஆறு நாள் காய்ச்சலில் படுத்த ஒரு பெண்ணுக்கு 10,500 ரூபா போகிறது. அந்தப் பயத்திலேயே காய்ச்சலோடு மலைக்குப் போவார்கள், இரண்டு நாளில் ஆறுகிற நோயை இரண்டு மாத நோயாக்கிக்கொள்வார்கள். இந்தக் கொடுப்பனவைத் திட்டமிட்ட மேசையில், ஆண்டுக்கு எத்தனை நாள் நோயால் போகிறது என்ற காகிதம் இருந்ததா? இருந்தால் அதை நாங்கள் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இல்லை என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வந்த நாளுக்கு 200 ரூபா அரசு கொடுக்க வேண்டுமென்றால், யார் எத்தனை நாள் வந்தார் என்ற விபரம் அரசின் கைக்குப் போயாக வேண்டும். வந்த நாள் தெரிந்தால் வராத நாளும் தெரியும். தோட்டத்துக் கந்தோருக்குள்ளேயே கிடந்த செக்ரோலின் வெறும் கட்டங்கள் இப்போதுதான் பொதுக் கணக்குக்குள் வருகின்றன. அந்தப் பட்டியலில் “மருத்துவக் காரணம்” என்று ஒரு நிரலைச் சேர்க்க அரசாங்கத்துக்குப் புதிய சட்டம் தேவையில்லை, புதிய செலவும் பெரிதாக இல்லை. தோட்ட டிஸ்பென்சரியில் எழுதித் தரும் சிட்டு ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கணக்கில் ஒட்டினால் போதும்.

கேட்பதற்கு வழியும் இருக்கிறது. 2015இல் அரசியலமைப்பில் 14அ என்ற உறுப்புரை சேர்ந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. எந்த அரச அலுவலகத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கக் கூடாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அவரே எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இதை நான் முதலில் சொல்லிக் கொடுப்பேன். தருவாரா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாளுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு முறையீடு, அவரும் மறுத்தால் கொழும்பில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். ஒருவரின் மருத்துவ விபரத்தை வெளியில் தர முடியாது என்று சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. நியாயமான தடை. என் அண்ணியின் நோய் அவருடையது, ஊருக்குரியது இல்லை. ஆகவே பேரைக் கேட்கக் கூடாது, தொகையைக் கேட்க வேண்டும். “இன்னாருக்கு என்ன நோய்” என்று கேட்டால் கதவு மூடும். “இந்தத் தோட்டத்தில் இந்த வருடத்தில் எத்தனை பேர், எத்தனை நாள்” என்று கேட்டால் மூட முடியாது. நான் ஓர் அலுவலகத்துக்கு அப்படிக் கேட்டு அனுப்பியதற்கு, தோட்டங்களைப் பற்றிய விபரம் தங்களிடம் இல்லை, கம்பனியிடம் கேளுங்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நான் கோப்பில் வைத்திருக்கிறேன். இல்லை என்று எழுத்தில் வந்ததும் ஒரு தகவல்தான், அடுத்த முறையீட்டுக்கு அது உதவும்.

கம்பனி என்று தள்ளிவிடுவது எளிது. 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது நிலத்தை விற்கவில்லை, குத்தகைக்குத்தான் கொடுத்தார்கள். நிலம் அரசுடையது, பொற்பங்கு என்ற விசேட பங்கு திறைசேரிச் செயலாளரின் பேரில் இருக்கிறது. அரசோடு ஒப்பந்தம் செய்து பொதுச் சேவை ஒன்றைச் செய்யும் தனியார் நிறுவனமும் அந்தச் சேவையின் அளவுக்குத் தகவல் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தோட்டச் சுகாதாரம் அதில் அடங்குமா என்று வாதாட நல்ல இடமிருக்கிறது. மலையகத்துச் சட்டத்தரணிகள் யாராவது அதை ஆணைக்குழு வரை கொண்டுபோனால் நூறு தோட்டத்துக்கு நன்மை. அது வரை அரசே நடத்தும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் இருக்கின்றன. அவை தப்ப முடியாது, அங்கிருந்து தொடங்கலாம்.

தகவல் கேட்பதைத் தவிர இன்னொரு வழியும் இருக்கிறது. சம்பள நிர்ணய சபை சம்பளத்தை மாற்றும்போது ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் தரச் சொல்லி அறிவித்தல் போடும். 2024 மே மாதம் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தபோது கம்பனிகள் அந்த வழியாலும் நீதிமன்ற வழியாலும் எதிர்த்தன, கடைசியில் செப்டெம்பரில் 1,350 ஆயிற்று. அந்த அறிவித்தல் கம்பனிக்கு மட்டும் போடுவதில்லை. சுகவீன நாள் பற்றி ஒரு தொழிலாளியும் ஒரு வரி எழுதி அனுப்பலாம். தொழிற்சங்கத் தோழர்கள் அடுத்த முறை இதை மறக்காமல் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது எங்கள் பக்கத்துப் பெண்களோடு சேர்ந்து ஒரு புதிய விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். பெருந்தோட்ட அமைச்சின் தகவல் அலுவலருக்குப் போகிறது. அதில் உள்ள கேள்விகள் இவை. வருகைக் கொடுப்பனவுக்காகத் தோட்டங்களிடமிருந்து பெறப்படும் வரவுப் பதிவில், வராத நாளுக்குக் காரணம் எழுத இடமுண்டா? இருந்தால் நுவரெலியா மாவட்டத்தில் நோய் காரணமாகப் பதிவான நாள் மாதந்தோறும் எத்தனை, ஆண் பெண் வேறுவேறாக? 500 கோடி ரூபா என்ற தொகையைக் கணக்கிட்டபோது ஒரு தொழிலாளி மாதத்துக்கு எத்தனை நாள் வருவார் என்று கொண்டார்கள்? மூன்றாவது கேள்வியைச் சொன்னவர், மூட்டு வலியில் அரைப்பேருக்குப் போய்வரும் ஒரு சித்தி. நான்காவதை என் அண்ணி சேர்க்கச் சொன்னார், அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்: டிஸ்பென்சரிச் சிட்டு உள்ள நாளை வந்த நாளாக எடுப்பீர்களா, மாட்டீர்களா, அதை எந்தக் கூட்டத்தில் யார் முடிவு செய்தார், அந்தக் கூட்டக் குறிப்பின் பிரதி வேண்டும்.